மாப்ள பிளாட்டுக்கு அடியில காவேரி

வா மாப்ள, உக்காரு. எங்க திண்ணை காஞ்சுதான் கெடக்கு, தைரியமா உக்காரலாம். திருச்சியில உங்க தில்லை நகர் அப்பார்ட்மென்ட்ல காரை எடுக்கணும்னா வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டுத்தான் பேஸ்மென்ட்டுக்கு எறங்கணும்னு உங்க அத்தை சொன்னா. சேறு ஒட்டும், வயல்ல எறங்க மாட்டேன்னு படிக்கப் போன பயல் நீ. இப்ப சேத்துக்கு மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டிக்கிட்டு எறங்குற. அதுவும் கிரானைட் படி வழியா. குழுமணியில எங்களுக்கு அந்த வசதியெல்லாம் இல்ல, வெறும் வரப்புதான்.

பிளாட் வாங்குறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டியா? கேக்கல. பால் காய்ச்ச மட்டும் கூப்பிட்ட. வந்து பாத்தேன். ஹால் பெருசு, பாத்ரூம் அதவிடப் பெருசு, லிப்டுக்குள்ள கண்ணாடி. "கீழ என்னடா"ன்னு கேட்டேன். "கார் பார்க்கிங் மாமா, பூமிக்கு அடியில"ன்ன. பெருமையா வேற சொன்ன. பால் சூடா இருந்துச்சு, அதனால வாய மூடிக்கிட்டுக் குடிச்சேன்.

நீ குடியிருக்குற எடம் எதுன்னு தெரியுமா? வடக்க காவேரி. தெக்க உய்யக்கொண்டான் வாய்க்கால். மேக்க கோரையாறு வந்து, புத்தூருக்கிட்ட வாய்க்காலைச் சந்திச்சு, குடமுருட்டியாகிக் காவேரிக்குப் போகுது. மூணு பக்கமும் தண்ணி. நாலாவது பக்கம் மலைக்கோட்டை. அங்க போயிப் பள்ளம் பறிச்சிருந்தா பாறை, ஒரு சொட்டு ஊறியிருக்காது. என்ன, வெடி வச்சிருக்கணும், மலை மேல இருக்கற தாயுமானவர் கோவிச்சுக்குவாரு.

உய்யக்கொண்டான் ராஜராஜ சோழன் காலத்து வாய்க்கால். பெட்டவாய்த்தலையில காவேரியிலருந்து பிரிஞ்சு, திருச்சி ஊருக்கு நடுவுல பூந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரைக்கும் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் போகுது. ஆயிரம் வருசமா அந்த வாய்க்காலுக்கு ஒரே வேலைதான், ரெண்டு பக்கத்து மண்ணையும் நனைக்கிறது. நீங்க அந்த மண்ணுல பத்தடி குழி பறிச்சு, உள்ள டைல்ஸ் ஒட்டி, "தண்ணி வருதே, தண்ணி வருதே"ன்னு வாட்ஸப்புல அழறீங்க. வாய்க்கால் அது வேலைய ஒழுங்காத்தான் பாக்குது. அசோசியேஷன் செக்ரட்டரிதான் பாக்கல.

1977 நவம்பர் புயலைப் பத்தி உங்க அப்பனைக் கேளு, சொல்லுவாரு. கோரையாறும் குடமுருட்டியும் ஏறி உறையூரு, தில்லை நகர் பக்கமெல்லாம் தண்ணிக்குள்ள நின்னுச்சு. அன்னிக்கு வீட்டுக்கு அடியில பள்ளம் கெடையாது, அதனால தண்ணி வந்த வழியே வடிஞ்சு போச்சு. இப்ப வந்தா போறதுக்கு மனசு வராது. உங்க பேஸ்மென்ட்ல லைட்டு இருக்கு, பேன் இருக்கு, செக்யூரிட்டி இருக்கான்.

அப்பறம், ஊறுற தண்ணிய எல்லாம் கெட்டதுன்னு சொல்லவும் முடியாது. ஆத்தைத் தாண்டித் திருவானைக்காவலுக்குப் போ. பஞ்சபூதத் தலத்துல அது நீருக்கு உள்ள தலம். கருவறையில லிங்கத்தைச் சுத்தித் தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். அங்க யாரும் வாட்டர்ப்ரூபிங் ஆளைக் கூப்பிடல. ஒன்பது துளை சன்னல் வழியா எட்டிப் பாத்து, கன்னத்துல போட்டுக்கிட்டு வர்றாங்க. உங்களுக்கும் ஒரு வழி சொல்றேன். நாலாம் நம்பர் பார்க்கிங்குல ஒரு கல்லை நட்டு, உண்டியல் வச்சிருங்க. ஊத்தை அடைக்கிற கிரவுட்டிங் செலவு ரெண்டு வருசத்துல கைக்கு வந்துரும்.

சரி சரி, மொறைக்காத. காபி குடி. வெவரம் சொல்றேன்.

மொதல்ல அந்தத் தண்ணி யாரு, எந்த ஊரு, எப்ப வருதுன்னு விசாரி. உங்க ஆளுங்க சுவத்துல ஈரத்தைப் பாத்த ஒடனே பெயிண்ட்காரனைக் கூப்பிடுறாங்க. வெளியாளு ஒருத்தன் வீட்டுக்குள்ள வந்து படுத்திருந்தா, அவனை யாருன்னு கேக்காம போர்வை போத்தி விடுவியா?

தண்ணிக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, செக்யூரிட்டிகிட்ட குடுத்து, தெனமும் ஈரம் எதுவரைக்கும் ஏறுதுன்னு எழுதச் சொல்லு. மழை பெஞ்சு ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல ஊறுதா? அது உங்க கூரைத்தண்ணியும் முத்தத்துத் தண்ணியும். மொட்டை மாடிக் குழாய் சுவத்துக்கு அடியிலேயே கொட்டுதுன்னு அர்த்தம். மழையே இல்ல, வருசம் முச்சூடும் ஒரே மாதிரி கசியுதா? அது உங்க சம்ப்பு, இல்ல சாக்கடைக் குழாய். ஐப்பசி கார்த்திகையில மெதுவா ஏறி, மழை நின்ன பொறவும் ரெண்டு மூணு வாரம் எறங்காம நிக்குதா? வாய்க்கால்ல தண்ணி ஓடும்போது கூடுது, நின்னா கொறையுதா? அப்ப அது நெலத்தடித் தண்ணி. அதுதான் பெரிய மனுசன். அவரைத் தடுக்க முடியாது, வழிதான் விட முடியும்.

சம்ப்பு மேல சந்தேகமா? ராத்திரி மோட்டாரை நிறுத்து, உள்ள வர்ற வால்வை அடை, தண்ணி மட்டத்துல சாக்பீஸால ஒரு கோடு. விடியக்காலம் யாரும் பல்லு வெளக்குறதுக்கு முன்னால எட்டிப் பாரு. கோடு மேல, தண்ணி கீழ நின்னா, திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கான். சாக்கடை மேல சந்தேகமா? சேம்பர்ல ஒரு பாட்டில் சொட்டு நீலத்தைக் கரைச்சு ஊத்து. பேஸ்மென்ட் சுவத்துல நீலம் பூத்தா, கீழ அடிக்கிற வாடை எங்கருந்து வருதுன்னு யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல.

இன்னொண்ணு உண்டு. சில எடத்துல தண்ணி வெளியிலருந்தே வந்திருக்காது. அடியில குளுந்த சுவரு, மேலருந்து வர்ற புழுக்கக் காத்து, சுவரு வேத்துரும். அதுக்கு ரெண்டடிக்கு ரெண்டடி பாலித்தீன் காகிதத்தை நாலு ஓரமும் டேப்பு போட்டு சுவத்துல ஒட்டி, ரெண்டு நாள் விடு. காகிதத்துக்கு வெளிப்பக்கம் முத்துமுத்தா நின்னா அது வேர்வை. ஒரு எக்ஸாஸ்ட் பேன் போதும், வேலை முடிஞ்சுது. உள்பக்கம் நனைஞ்சிருந்தா அது சுவருக்குள்ள இருந்து வர்ற ஊத்து. பத்து ரூவா காகிதம் சொல்லிரும். இதையே சொல்றதுக்கு மெஷின் கொண்டாந்து, அதுல பச்சை லைட்டு செவப்பு லைட்டு காட்டிக் காசு வாங்குறவனும் இருக்கான்.

இப்ப பெயிண்ட்காரன் கதைக்கு வர்றேன். சுவத்துல வெள்ளையா உப்புப் பூத்திருக்கும், தரையிலருந்து ஒரு முழம் உசரத்துக்கு. சிமெண்டுல இருக்கற சுண்ணாம்பையும் உப்பையும் தண்ணி கரைச்சுக்கிட்டு வந்து, காத்துல காஞ்சு, அங்க விட்டுட்டுப் போற சரக்கு அது. நம்மாளு அதைத் தொடப்பத்தால தட்டிட்டு, மேல ரெண்டு கோட்டு "டேம்ப் ப்ரூப்" அடிச்சு, "அஞ்சு வருசம் கேரண்டி சார்"ம்பான். அவன் நம்பரே அஞ்சு மாசந்தான் வேலை செய்யும். அடுத்த தைக்குள்ள பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி, விரலால குத்துனா தண்ணி பீச்சும். உங்க பேரப்புள்ளைக்கு நல்ல வெளையாட்டு.

ஏன் நிக்க மாட்டேங்குதுன்னா, கணக்கு இருக்கு. சுவத்துக்கு வெளிய பத்தடி ஒசரத்துக்குத் தண்ணி நின்னா, அடியில ஒவ்வொரு சதுர அடி சுவத்தையும் ஏறக்குறைய 280 கிலோ தள்ளும். நாலஞ்சு நெல்லு மூட்டை கனம், ஒரு சதுர அடிக்கு. அதை உள்பக்கமா அடிச்ச பெயிண்ட் புடிச்சு நிறுத்தும்னு நம்புற பாரு, அந்த மனசு எனக்குப் புடிச்சிருக்கு. வெளிப்பக்கம் பூசியிருந்தா தண்ணியே பூச்சை சுவத்தோட சேத்து அழுத்தும். உள்பக்கம் பூசுனா உரிச்சுத்தான் தள்ளும். தண்ணி வர்ற பக்கம் பூசணும், நீ நிக்கிற பக்கம் இல்ல. ஆனா கட்டும்போது வெளிய பூசுனா யாரு கண்ணுக்கும் தெரியாது, மண்ணு மூடிரும். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு எந்த பில்டரு காசு போடுவாரு? லிப்டுல கண்ணாடி போட்டாரு.

மண்ணு மூடுறதுன்னு சொன்னேன்ல, அதுலதான் பாதி வெனை. குழி பெருசா பறிப்பாங்க, சுவரு எழுப்புவாங்க, சுவத்துக்கும் குழிக்கரைக்கும் நடுவுல ஒரு ஆளு நடக்குற அளவு சந்து நிக்கும். அதை நல்ல மண்ணா ஓரடி ஓரடியா கொட்டி, தண்ணி விட்டு, இடிச்சு நெருக்கி மூடணும். நெசத்துல என்ன போடுறாங்க? ஒடைஞ்ச செங்கல்லு, சிமெண்டு சாக்கு, சித்தாளு சாப்பிட்ட பொட்டலம், எல்லாம் போட்டு மேல ரெண்டு சட்டி மண்ணைத் தூவிப் பேவர் பிளாக் பதிச்சிருவாங்க. சுத்தி இருக்கற மண்ணு கெட்டி, நடுவுல இது பொதபொதன்னு இருக்கும். மழைத்தண்ணி எங்க போகும்? நேரா அங்கதான். அப்பறம் உன் பேஸ்மென்ட் வாளிக்குள்ள வச்ச டம்ளரு. வாளி நெறைஞ்சா டம்ளருக்குள்ளயும் எட்டிப் பாக்கும். டம்ளரு லேசா இருந்தா மெதக்கக்கூடப் பாக்கும்.

இதுல ஒரு கூத்து சொல்லவா? 2003ல அரசாங்கம் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் போட்டுச்சு. நல்ல சட்டம், எங்க கெணறு கூட அதனால மூச்சு விட்டுச்சு. உங்காளுங்க அந்தக் குழியை எங்க வெட்டியிருக்காங்கன்னு போயிப் பாரு. பேஸ்மென்ட் சுவத்தை ஒட்டி, மூணடி தள்ளி. மொட்டை மாடித் தண்ணி பூராவும் குழாய் வழியா எறங்கி, குழியில விழுந்து, ஜல்லியில வடிகட்டி, சுத்தமா, பத்திரமா உங்க பார்க்கிங்குக்கு வந்து சேருது. சேகரிப்புன்னா இதுதான்டா சேகரிப்பு. அந்தக் குழியை சுவத்தை விட்டு எட்டத் தள்ளி, கட்டடத்துக்கு எறக்கமா இருக்கற பக்கம் மாத்து. பாதி ஈரம் அதுலேயே போனாலும் ஆச்சரியப்படாத.

ஆக, செலவில்லாத வேலை மொதல்ல. சுத்துத்தரை கட்டடத்தை விட்டு வெளிய சரியுதா, உள்ள சரியுதான்னு ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பாரு. குண்டு சுவத்தைப் பாத்து ஓடி வந்தா, மழையும் அப்படித்தான் ஓடி வரும். தரையைத் தட்டி எதிர்ப்பக்கம் சரிவு குடு. மாடிக் குழாய் வாயை நீட்டு. சுவத்தோரம் செம்பருத்தி, வாழைன்னு வச்சுத் தெனம் ஓஸ் புடிக்கிறாரே ரெண்டாவது மாடி ரிடையர்டு சாரு, அவருகிட்ட நல்ல வார்த்தை சொல்லி ஓஸை வாங்கி வையி. வாழை வேணும்னா குழுமணிக்கு வரச் சொல்லு, தாரே தர்றேன். ராம்ப்பு தலைமாட்டுல குறுக்கா ஒரு கம்பிமூடி வாய்க்கால் இருக்கணும். ரோட்டை ஒவ்வொரு தடவையும் சொரண்டாம மேல மேல தார் போட்டு ஒசத்துனதுல, தெருத்தண்ணி உங்க ராம்ப்பை அருவின்னு நெனச்சுக்கிட்டு எறங்குது. ராம்ப்பு ஆரம்பத்துல ரோட்டை விட ஒசந்த ஒரு திமிலு கட்டு. காரு கொஞ்சம் குதிக்கும், குதிச்சா குதிக்கட்டும்.

இதெல்லாம் பண்ணிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாரு. அப்பறமும் ஊறுனாதான் கிரவுட்டிங் ஆளு.

ஊறுற எடம் சும்மா பரவலா இருக்காது மாப்ள, உத்துப் பாத்தா மூணு நாலு எடந்தான். தரையும் சுவரும் சேருற மூலை ஒண்ணு. தரையை ஒரு நாள், சுவத்தை வேற நாள் காங்கிரீட் போட்டிருப்பாங்க, நடுவுல வாட்டர் ஸ்டாப் பட்டையை வைக்க மறந்திருப்பாங்க. அப்பறம் பலகை முட்டுக்குக் குடுத்த கம்பி ஓட்டை. அப்பறம் கரண்டு கேபிளும் குழாயும் சுவத்தைத் தொளைச்சு நொழையிற வாய். கடைசியா காங்கிரீட்டை வைப்ரேட்டர் போட்டுக் குத்தாம விட்ட சொத்தை. பூச்சு உளுத்துப் போயிருந்தா இதெல்லாம் தெரியாது. மொதல்ல பூச்சைக் கொத்தி எடுத்து, சுவத்தைக் காய விட்டு, எங்க மொதல்ல ஈரம் எட்டிப் பாக்குதுன்னு டார்ச் அடிச்சுப் பாத்து வட்டம் போடு.

தண்ணி பீச்சிக்கிட்டே வருதா? வாயை உளியால வெட்டு. வெளிய குறுகலா, உள்ள அகலமா வெட்டணும், அப்பதான் அடைச்சது பிதுங்கி விழாது. சட்டுன்னு எறுகுற சிமெண்டு இருக்கு, ஒண்ணு ரெண்டு நிமிசத்துல கட்டியாயிரும். கையில உருட்டி, சூடேறும்போது அமுக்கிப் புடிச்சுக்கணும். கையொற போட்டுக்க, வெந்துரும்.

நீளமா விரிசல் இருந்தா பி.யு. கிரவுட்டிங், அதாவது பாலியூரித்தேன். விரிசலுக்கு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திச் சாய்வா தொளை போட்டு, தொளை சுவத்துக்கு நடுவுல விரிசலைப் போயித் தொடணும், நாசில் சொருகி, அடியிலருந்து மேல ஏத்திக்கிட்டே பம்ப்புல அடிப்பாங்க. அந்த மருந்து தண்ணியைப் பாத்தா நுரைச்சு உப்பும், உப்பி அடைச்சுக்கும். ஈரம் இருக்கற எடத்துக்கு அதுதான். எப்பாக்சிங்கிறது காஞ்ச விரிசலை ஒட்டி பலம் குடுக்குறதுக்கு. ஊறுற விரிசல்ல எப்பாக்சி அடிக்கிறேன்னு எவனாவது வந்தா, அவனுக்கு டீ மட்டும் வாங்கிக் குடுத்து அனுப்பு. சுவத்துல செந்துரு கசிஞ்சு, தட்டுனா டொக்கு டொக்குன்னு சத்தம் வந்தா, கம்பி துருப்புடிச்சு வீங்குதுன்னு அர்த்தம். அது எனக்கும் கொத்தனாருக்கும் மேல்பட்ட சங்கதி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடு.

இதெல்லாம் அடைச்ச பொறவும் பெரிய மனுசன் வேற வாசல் தேடுவாரு. ஒரு எடத்துல அடைச்சா ரெண்டடி தள்ளி ஊறும், அவரு வழக்கம் அது. அதனால சுவத்தோரமா உள்பக்கம் நாலு விரக்கடை அகலத்துக்கு ஒரு வாய்க்கால் எடுத்து, மூலையில ஒரு குழி, அதுல தானா ஓடுற மோட்டாரு, புளோட் சுவிட்ச், வெளிய போன தண்ணி திரும்ப வராம ஒரு வால்வு. மோட்டாரு ரெண்டு வையி, ஒண்ணு மக்கர் பண்ணுறது எப்பவும் மழை ராத்திரியிலதான். தண்ணியைத் தெருவுல கொண்டாந்து கொட்டாத, எதுத்த வீட்டு டாக்டரு சண்டைக்கு வருவாரு, அவரு பேஸ்மென்ட்ல ஸ்கேன் மெஷின் இருக்கு.

வழி விடுறது தோல்வின்னு நெனைக்காத. ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ரெண்டு பக்கமும் ஆறு, காவேரியும் கொள்ளிடமும். நடுத்தீவுல உக்காந்திருக்காரு பெருமாளு. 2015 கும்பாபிஷேகத் திருப்பணியில அங்க பழைய மழைநீர் வடிகாலை மறுபடி செப்பனிட்டாங்க, 2017ல யுனெஸ்கோ விருது குடுத்த வேலையில அதுவும் சேத்தி. தண்ணிக்கு வழி விட்டதுக்கு விருது. உத்தர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளைப் பாரு. பின்கட்டுல கெணறு, வாசல்ல ஒசந்த திண்ணை. எட்டிப் பாத்தா தண்ணி தெரியிற கெணத்தை வச்சுக்கிட்டு எவனும் கீழ இன்னொரு அறை பறிக்கல. தில்லை நகர் சாஸ்திரி ரோட்டுல எடத்துக்கு வெலை ஏறுனதும் நமக்கு அந்தப் புத்தி எறங்கிப் போச்சு.

வெளையாட்டை விட்டுட்டு ஒண்ணு சொல்றேன், கவனமாக் கேளு. டெல்லி ராஜிந்தர் நகர்ல 2024 ஜூலை 27ந் தேதி, ஐ.ஏ.எஸ். படிக்க வந்த மூணு புள்ளைங்க பேஸ்மென்ட் லைப்ரரிக்குள்ள தண்ணி பூந்து செத்துப் போச்சுங்க. மழைத்தண்ணிதான். தில்லை நகர்லயும் தெருவுக்குத் தெரு கிளினிக்கு, கோச்சிங்கு. காரை நனைய விடு, இன்சூரன்ஸ் இருக்கு. மனுசனை கீழ உக்கார வைக்காத. தண்ணி நிக்கிறப்ப மெயினை அணைக்காம காலை வைக்காத. அந்த மெயின் சுவிட்சும் ஜெனரேட்டரும் கீழேயே இருந்தா, மொதல் வேலையா அதை மேல ஏத்து. டீசல் மோட்டாரை உள்ள எறக்கி ஓட்டாத, பொகை வெளிய போக வழியில்லாம ஆளைக் கொல்லும், அதுல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனைகூடக் கெடையாது.

பெருவெள்ளம் வந்து நெறைஞ்சு போனா, வீரமா ஒரே மூச்சுல எறைச்சும் போடாத. வெளிய மண்ணு ஊறி நிக்கும்போது உள்ள காலியானா, அந்த நெல்லு மூட்டைக் கனமெல்லாம் ஒத்தைப் பக்கமா சுவத்து மேல சாயும், தரை வெடிச்சு எழும்பும். ஓரடி எறை, சுவத்துல கோடு போடு, ராத்திரி விட்டுப் பாரு. மறுபடி கோட்டுக்கு மேல ஏறலைன்னா அடுத்த ரெண்டடி. அவசரப்படுறவன் மோட்டாருக்குக் கரண்டு காசு கட்டி காவேரியை எறைக்கிறான்.

எழுந்திரிக்கிறியா? அந்த அசோசியேஷன் கூட்டத்துல "பெயிண்ட்"னு எவனாவது வாயைத் தொறந்தா, கோலிக்குண்டை எடுத்து மேசை மேல வையி. அட்வான்ஸ் மட்டும் குடுத்துராத. அடுத்த மழை வரட்டும், எல்லாரும் மாடியிலருந்து வீடியோ எடுக்குறப்ப நீ ஒருத்தன் குடையைப் புடிச்சுக்கிட்டு எறங்கி, கட்டடத்தை ஒரு சுத்து சுத்திப் பாரு, தண்ணி எங்க நிக்குதுன்னு.